கழிவு

மார்ச் மின்கட்டணத்தின் கடைசி வரியில்
ஒரு கழித்தல் குறி.
அதையடுத்து நான்கு டாலர் பதினெட்டு சென்ட்:
ஊர் அனுப்பிய குப்பைக்காக
எரி ஆலை தள்ளிக்கொடுத்த தொகை.
கழிவுக்குக் கழிவு.
சொல் ஒன்றாகவே இருப்பதால்
கணக்கு நேராகிவிட்டது போலத்தான் தெரியும்.

ஆகவில்லை என்பது
டெல்ஃபீன் மிஷோவுக்குத் தெரியும்.
மெய்ன் மாநிலத்தின் வடக்கே, வெஸ்ட் ஹார்லோவில்
பதினாறு வருடமாக எடைமேடைச் சாவி அவளிடம்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி;
அவள் நெருப்பில் போடுவதை அளக்கிறாள்.
முதலில் சுமையோடு வண்டியை,
பிறகு வண்டியை மட்டும்.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ஊர்.

பிப்ரவரியில் பைகளுக்குள் உறைபனி இருக்கும்.
பனி எரியாது, ஆனாலும் எடை காட்டும்.
அதற்கும் கழிவு உண்டு.
இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

சொல்லாதவை இன்னும் உண்டு.
உறை பிரிக்காத தொட்டில் மெத்தை,
பூலியே வீட்டிலிருந்து, இரண்டு முறை.
தபால்காரர் லூசியன் கொண்டுவரும் பைகளில்
கிணுகிணுக்கும் பாட்டில்கள்.
கடையில் கொடுத்தால் ஒன்றுக்கு ஐந்து சென்ட் திரும்பும்.
எண்ணிக் கொடுக்கக் கூசி
எரிக்க அனுப்புகிறார்.
கண்ணாடி எரியாது, லூசியன்.
(அதுவும் எடை காட்டும்.)

ஊர்க்கூட்டம் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நின்று
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி நார்மண்ட் சீர் சொன்னார்:
ஒப்பந்தப்படி ஆண்டுக்கு ஆயிரத்து நூறு டன்.
நாம் கொடுத்தது ஆயிரத்து முப்பத்தெட்டு.
ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்
வீடு வீடாகப் பச்சை வாளி கொடுத்து
காய்கறித் தோலையெல்லாம் உரமாக்கிவிட்டார்கள்.
குறைந்தால் கழிவு போகும், அபராதம் வரும்.
"சுருக்கமாக," என்றார்,
"நாம் போதுமான அளவு வீணாக்கவில்லை."

சிரித்தார்கள்.
பிள்ளைகளின் ஆசிரியை முன்வரிசையில்
சிரிக்காமல் இருப்பதைப் பார்த்து நிறுத்தினார்கள்.

தீர்மானம் இதுதான்:
மலையடிவாரப் பனிச்சறுக்கு விடுதியின் குப்பையை
நம் பெயரில் எடைபோட்டு அனுப்புவது.
சொந்தக் குப்பை போதாமல் இரவல் குப்பையா
என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.
நாற்றம் ஒன்றுதானே என்று இன்னொன்று.
ஆதரவு அறுபத்தொன்று. எதிர்ப்பு ஐம்பத்தெட்டு.
டெல்ஃபீனின் கை இரண்டும் கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தன.

ஆற்றுக்கு அக்கரையில் பிக்ஸ்பி ஃபால்ஸ்.
புகைபோக்கி அங்கே.
அந்த ஊர் பில்லில் கழித்தல் குறி கிடையாது.
அனுப்புகிற ஊர்களுக்குத்தான் சலுகை;
வாங்கிக்கொள்கிற ஊருக்கு
ஒரு புதுத் தீயணைப்பு வண்டி கொடுத்தார்கள்.
ரொவீனா படுக்கை விரிப்புகளை
நிலவறையில்தான் காயப்போடுகிறாள்.
புகையில் ஒன்றும் இல்லை, அளந்து பார்த்தாயிற்று என்கிறாள்.
யார் அளந்தது என்று டெல்ஃபீன் கேட்கவில்லை.
அளப்பவளுக்குத் தெரியும்:
எண் பொய் சொல்வதில்லை,
கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறது.

நான்கு டாலர் பதினெட்டுக்குக்
குளிர்பெட்டி பதினொரு நாள் ஓடும்.
அவளே போட்டுப் பார்த்த கணக்கு.
பன்னிரண்டாம் நாள் இரவு அதைத் திறக்கிறாள்.
கீழ்த்தட்டில் பாதி முட்டைக்கோஸ்,
ஓரம் கறுத்து, பிசுபிசுத்து.
பாத்திரத் தொட்டிக்கடியில் இரண்டு வாய்கள்,
பச்சை வாளி, கறுப்புப் பை.
ஒன்றில் போட்டால் பிள்ளைகள் ஜெயிப்பார்கள்.
மற்றதில் போட்டால் ஊர்.
ஒன்றரைப் பவுண்டு இருக்கும்,
கையே சொல்லிவிடுகிறது.

தரை சில்லிடுகிறது.
கதவு மூடாததால்
குளிர்பெட்டி உறுமத் தொடங்குகிறது.
உள்ளே அந்தச் சின்ன விளக்கு
எரிகிறது,
யார் வீட்டு எதையோ தின்று.